ஒற்றைச் சாக்ஸும் கோடி வாசனையும்

மோந்து பார்த்தே முதலாளியைக் கண்டுபிடிக்கும் மனிதர் எங்கள் ஊருக்கு வருகிறார் என்று தொலைக்காட்சியில் ஒரு மாதம் கத்தினார்கள். நிகழ்ச்சியின் பெயர் ‘முதலாளி யோகம்’. வந்து நிற்பவனின் தோளருகே அவர் மூக்கைக் கொண்டுபோவார், கண்ணை மூடுவார், ஒரு இழுப்பு இழுப்பார். வாசனை வந்தால் அவன் நாளைய கோடீஸ்வரன். வராவிட்டால் ஆயுள் முழுக்கக் கூலிக்காரன். படிப்பு வேண்டாம், அனுபவம் வேண்டாம், குளித்துவிட்டு வந்தால் போதும். ஊர் அவருக்கு மூக்கர் என்று செல்லப்பெயர் வைத்தது. அவருக்கும் அது பிடித்திருந்தது.

தேர்வு நடந்த மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. விண்ணப்பத்துக்கு ஒரு கட்டணம், மோந்து பார்க்க ஒரு கட்டணம். வாசனை வந்துவிட்டால் பயிற்சி முகாமுக்கு இன்னொன்று, அதுதான் பெரிய கட்டணம். சரி, இந்த மூக்கர் சொந்தமாக என்ன தொழில் செய்து முன்னுக்கு வந்தார்? ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேனா என்றால், நானும் இல்லை. எனக்கு ஜெராக்ஸ் கடை. அந்த விண்ணப்பத்தை ஒரு வாரம் மூச்சுவிடாமல் நகல் எடுத்துக் கொடுத்தவன் நான்தான். கடைசி நகலை நானே நிரப்பிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். என்னை மோந்துவிட்டு மூக்கர் முகத்தைச் சுளித்தார். மசி வாசனை பிடிக்கவில்லை போலிருக்கிறது.

என் பக்கத்துக் கடை லாண்டரி. கணவனும் மனைவியும் பதினோரு வருஷமாக நடத்துகிறார்கள். இரண்டு வாஷிங் மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, அலமாரி முழுக்க நம்பர் சீட்டுக் குத்திய துணி மூட்டைகள், அவ்வளவுதான் சொத்து. லாண்டரிக்காரரும் வரிசையில் நின்றார். மூக்கர் இழுத்தார். மறுபடியும் இழுத்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. “உன்கிட்ட கோடி வாசனை அடிக்குதப்பா” என்றார். மண்டபம் கைதட்டியது. லாண்டரிக்காரருக்குக் கால் தரையில் படவில்லை. கடைக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

“அது சோப்புத்தூள் வாசனைங்க” என்றாள் அந்தம்மாள்.

அவர் காதில் எங்கே ஏறும்? முகாமில் சேர வேண்டுமென்றால் பழைய தொழிலைத் தலைமுழுகிவிட்டு வரவேண்டும், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் கூடாது என்று மூக்கர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை சந்தையில் நிகழ்ச்சியின் விற்பனைச் சுற்று. அன்று மாலையே இரண்டு மெஷினையும் தூக்கிக்கொண்டு போக ஒரு பழைய சாமான் வியாபாரியைப் பேசி முடித்தார் லாண்டரிக்காரர். அந்த ஆள் முன்கூட்டியே வந்து, மெஷின் வாசல் வழியாக வெளியே வருமா என்று நாடா பிடித்து அளந்துவிட்டுப் போனான். மெஷின் போனால் கடை போச்சு. கடை போனால் அந்த வீட்டில் உலை கொதிக்காது. மனைவி அழுது பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள்.

லாண்டரிக்காரரிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. போன வருஷம் வேறு ஊரில் நடந்த சந்தைச் சுற்றை டிவியில் பார்த்தாயா என்றார். மூக்கர் பொறுக்கியெடுத்த பத்துப் பேர் ஒரு மணி நேரத்தில் விற்றுத் தீர்த்தார்கள். அவர் கழித்துவிட்ட பத்துப் பேர் அதே சரக்கை வைத்துக்கொண்டு ஈ ஓட்டினார்கள். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நமக்கு எதுதான் நியாயமாகப் படவில்லை!

அந்தம்மாள் அந்தச் சுற்றைச் செல்போனில் போட்டுவிட்டு, இஸ்திரி போட்டுக்கொண்டே மூன்று தடவை பார்த்தாள். பிறகு என் கடைக்கு வந்தாள்.

“அண்ணே, ஜெயிச்ச பத்து மேஜைக்கும் முன்னால கேமரா நிக்குது. தோத்த பத்து மேஜைக்கிட்ட ஒண்ணுகூட இல்ல. கவனிச்சீங்களா?”

நான் கவனித்திருக்கவில்லை. ஊரில் எவனும் கவனித்திருக்கவில்லை.

“மூக்கு விக்குதா, கேமரா விக்குதான்னு பாத்துடலாம்ணே” என்றாள்.

அவளுடைய தம்பி கல்யாண வீடியோ எடுக்கிறவன். அவனிடம் ஒரு பெரிய பழைய கேமரா இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மண்டபத்துத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து உயிரை விட்டது. அதைத் தூசி தட்டி, உச்சியில் சைக்கிளின் சிவப்பு விளக்கு ஒன்றைக் கட்டச் சொன்னாள். விற்பதற்குச் சரக்கு? லாண்டரியின் பின்னறையில் ஒரு சாக்கு நிறைய ஒற்றைச் சாக்ஸ் கிடந்தது. ஜோடியாக மெஷினுக்குள் போகிற சாக்ஸ் ஒற்றையாக வெளியே வருவது அந்தத் தொழிலின் தீராத மர்மம். எந்த மூக்கரும் அதற்கு விடை சொன்னதில்லை.

சனிக்கிழமை சந்தையில் இருபது மேஜை போட்டிருந்தார்கள். இருபதிலும் ஒரே பிளாஸ்டிக் சோப்பு டப்பா, ஒரே விலை. மூக்கர் பொறுக்கியவர்கள் முன்வரிசையில், கழித்தவர்கள் கடைக்கோடியில். லாண்டரிக்காரர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றார். ஜனம் தலையை வாரிக்கொண்டு வந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே டப்பா வாங்கியது. அவர் அதைத் தன் திறமை என்றே நினைத்தார், பாவம்.

கழித்தவர்களின் கடைசி மேஜையையும் தாண்டி, மனைவி ஒரு பெட்ஷீட்டை விரித்துச் சாக்ஸைக் கொட்டினாள். அட்டையில் எழுதியும் வைத்தாள்: ‘ஒற்றைச் சாக்ஸ். பழையது. ஜோடி கிடையாது.’ தம்பி செத்த கேமராவை நிறுத்திச் சிவப்பு விளக்கைப் போட்டான்.

முதலில் ஒரு மீசைக்காரர் வந்தார். கறுப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று வாங்கினார். கிழிந்திருக்கிறது என்று அந்தம்மாளே எடுத்துக் காட்டினாள். பரவாயில்லை, இது எத்தனை மணிக்கு டிவியில் வரும் என்று கேட்டார் அவர். அடுத்து ஒரு அம்மாள் கைக்குழந்தையின் முகத்தைக் கேமராவுக்கு நேரே திருப்பிப் பிடித்துக்கொண்டு நாலு சாக்ஸ் வாங்கினாள். குழந்தைக்கு அது தொட்டில் அளவு இருக்கும். பத்தே நிமிஷத்தில் தள்ளுமுள்ளு. நானும் ஒன்று வாங்கினேன். கேமரா செத்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கினேன், தலையை வேறு வாரிக்கொண்டேன். வெட்கக்கேடு.

கூச்சல் கேட்டு மூக்கர் மைக்கோடு ஓடிவந்தார். கூட்டத்தைப் பார்த்தார். சிவப்பு விளக்கைப் பார்த்துத் தன் ஆள்களின் கேமரா என்றே நினைத்துவிட்டார். குவியலிலிருந்து ஒரு சாக்ஸை எடுத்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார்.

“கோடி வாசனை. இந்தம்மாவ அன்னிக்கே நான் மோந்து சொன்னேனா இல்லையா?”

“நான் உங்க வரிசைக்கே வரலைங்களே” என்றாள் அவள். “தம்பி, அந்தக் கேமராவத் தொற.”

தம்பி திறந்து காட்டினான். பாட்டரி இல்லை. துருவும், ஒரு செத்த கரப்பானும் இருந்தன. கூட்டம் தன் கையிலிருந்த சாக்ஸைக் குனிந்து பார்த்தது. காசெல்லாம் இந்த டப்பாவில் இருக்கிறது, கொடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் அவள். பிறகு மூக்கரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். உங்கள் நிஜக் கேமராவை அப்படியே திருப்பி, நீங்கள் கழித்துவிட்டவர்கள் பக்கம் வைக்கச் சொல்வீர்களா?

மூக்கர் வாயைத் திறப்பதற்குள் கேமராக்காரரே திருப்பிவிட்டார். மூன்று மாதச் சம்பளம் வராத மனிதர், ஆசையாகத் திருப்பினார். அவ்வளவுதான், ஜனம் இந்தப் பக்கம் பாய்ந்தது. கழிக்கப்பட்டவர்களின் சோப்பு டப்பா கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்தது. முன்வரிசையில் ஈ காக்கை இல்லை. லாண்டரிக்காரர் கையில் ஒரு டப்பாவைப் பிடித்தபடி தனியாக நின்றார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைக்கு இத்தனை நாள் கைதட்டியிருக்கிறோம்.

காற்று திசை மாறிவிட்டது, வாசனை கலந்துவிட்டது என்று மூக்கர் சமாளித்தார். அப்படியானால் போன வருஷம் மோந்து எடுத்த பத்து முதலாளிகளும் எங்கே என்று யாரோ கேட்டார்கள். கூட்டத்தைத் தடுக்கக் கயிறு பிடித்துக்கொண்டிருந்த ஆள் வாயிலிருந்து விசிலை எடுத்தார்.

“நான் அதுல ஒருத்தன்ங்க. தையல் கடைய வித்துட்டுத்தான் முகாமுக்கு வந்தேன். இப்ப இவங்ககிட்டயே தினக்கூலி.”

கட்டணத்தைத் திருப்பிக் கொடு என்று ஒருவர் ஆரம்பித்தார். அது நூறு குரலாவதற்குள் மூக்கர் வேனில் ஏறிப் பறந்துவிட்டார். ஓடவேண்டிய நேரத்தின் வாசனையை மட்டும் அவர் மூக்கு சரியாகப் பிடித்தது.

மாலையில் பழைய சாமான் வியாபாரி லாண்டரி வாசலில் வண்டியோடு நின்றான். தூக்கலாமா என்றான். அவனுக்குப் பின்னால் மூன்று பேர் துணி மூட்டையோடு காத்திருந்தார்கள். லாண்டரிக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்.

“கேமரா இருக்கான்னு பாத்துட்டு இவங்க வரலைங்க” என்றாள் மனைவி. “துணி அழுக்காச்சுன்னு வந்திருக்காங்க. பதினோரு வருஷமா வர்றாங்க. இத உங்களுக்கு யாருமே கைதட்டிச் சொல்லல, அதான் தெரியாமப் போச்சு.”

அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. முதல் மூட்டையை வாங்கிச் சீட்டுக் குத்தினார். வியாபாரியிடம், மெஷின் விற்பதற்கில்லை, உங்கள் சட்டைக் காலர் அழுக்காக இருக்கிறது, வேண்டுமானால் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்.

ஊர் திருந்திவிட்டது என்று முடிக்கத்தான் எனக்கும் ஆசை. அடுத்த வாரமே வேறொரு சேனலில் வேறொருவர் கிளம்பிவிட்டார். இவர் மோப்பதில்லை, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டே முதலாளியைக் கண்டுபிடிப்பாராம். விண்ணப்பம் நகல் எடுக்க என் கடையில் மறுபடியும் வரிசை நிற்கிறது, முன்னால் நிற்பவர் அதே மீசைக்காரர். நேற்று மூக்கை நம்பினோம், இன்று காதை நம்பக் கிளம்பிவிட்டோம். அந்த இரண்டுக்கும் மேலே மூளை என்று ஒன்று நம் எல்லோருக்கும் இருக்கிறது ஐயா. விண்ணப்பம் வேண்டாம், கட்டணம் கிடையாது, ஒரு தரம் அதையும் நம்பிப் பாருங்கள்.