பஸ்ஸை முந்திய சிவப்புக் கட்டை

முப்பத்தெட்டு பேரையும் ஏழு கோழிகளையும் ஒரே காலையில் கொல்லப் பார்த்தவன் நான். என்னைப் பார்த்தால் அப்படித் தெரியாது. சுவரில் பல்லி நகர்ந்தால் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்கிற ரகம். ஆனால் உலகத்தில் பெரிய சேதங்களைச் செய்கிறவர்கள் முரடர்கள் அல்ல. ஏதோ ஒரு பத்திரிகையில் ஏதோ ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, அதை நல்ல எண்ணத்தோடு அமல்படுத்துகிறவர்கள்தான்.

எண்பதுகளின் தொடக்கம். நான் பி.ஏ. முடித்துவிட்டு, செங்கத்தில் அக்கா வீட்டில் சாப்பிட்டு, நூலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். அக்காவின் கணவர், அதாவது மாமா, ஜவ்வாது மலைக்குப் போய்வரும் பஸ்ஸுக்கு டிரைவர். அந்த மலைப்பாதையை அப்போது அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். உடைத்த பாறையைக் கொட்டிவைத்திருந்ததால் இரண்டு மைல் தூரத்துக்கு ஒரே ஒரு வண்டி போகத்தான் இடம். ஒரு பக்கம் கல், மறுபக்கம் ஆகாயம். மேலே ஓர் ஆளும் கீழே ஓர் ஆளும் கொடியோடு நின்று வண்டிகளை மாற்றி மாற்றி விட வேண்டும். கீழே ஏகாம்பரம் என்று ஒருவர் இருந்தார். மேலே நிற்பதற்கு மாமா மேஸ்திரியிடம் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார். ("படிச்ச புள்ள. சும்மா நிக்கிறதுல நல்லா அனுபவம்" என்று சிபாரிசு செய்தாராம்.)

டெலிபோன் எல்லாம் கிடையாது. அதற்குப் பதில் ஒரு கட்டை இருந்தது. முழ நீளம், சிவப்புப் பெயின்ட். மேலிருந்து கடைசியாக இறங்குகிறவரின் கையில் அதைக் கொடுத்தனுப்ப வேண்டும். கட்டை கீழே ஏகாம்பரத்தின் கைக்கு வந்துவிட்டால் பாதை காலி என்று அர்த்தம். உடனே அவர் காத்திருக்கிற வண்டிகளை ஏறவிட்டு, கடைசி வண்டியில் கட்டையைத் திருப்பி அனுப்புவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடத் தப்பு செய்ய முடியாத ஏற்பாடு. தப்பு செய்வதற்கு ஒரு பட்டதாரி தேவைப்பட்டான்.

நூலகத்தில் நான் படித்திருந்த கட்டுரை வெளிநாட்டு நகரங்களைப் பற்றியது. அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதை, பஸ்ஸுக்குத் தனிப் பாதை, காருக்குத் தனிப் பாதை என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்களாம். யாரும் யாரையும் இடிப்பதில்லையாம். ஜவ்வாது மலையிலும் இந்த நாகரிகத்தைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. கோடு போட இடமில்லை. போட்டால் பாதிக் கோடு பள்ளத்தில் விழும். எனவே பாதைக்குப் பதில் நேரத்தைப் பிரிப்பது என்று முடிவு செய்தேன். முதலில் பஸ், அடுத்து ஜீப், கடைசியில் சைக்கிள்கள்.

இதில் ஒரு சொந்த உள்நோக்கமும் உண்டு. மாமா தினமும் சாப்பிடும்போது புலம்புவார். "சைக்கிள்காரனுங்கோ கெளைய இழுத்துகினு முன்னாடி போறானுங்க மச்சான். தூசியில ரோடே தெரியல. வளைவு எது, பள்ளம் எதுன்னு தடவிகினு வர்றேன்."

கிளை விஷயம் என்னவென்றால், மலையிலிருந்து புளி மூட்டை இறக்குகிறவர்கள் சைக்கிள் பிரேக்கை நம்பமாட்டார்கள். இலையும் தழையுமாக ஒரு பெரிய கிளையை வெட்டி, கேரியரில் கயிறு கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு இறங்குவார்கள். அது தரையைப் பிராண்டிக்கொண்டே வரும். சைக்கிள் மாப்பிள்ளை அழைப்பு மாதிரி மெதுவாகப் போகும். அவர்களைக் கடைசியில் விட்டால் மாமாவுக்குத் தூசி இல்லை. நல்ல யோசனைதானே? மூன்று நாள் பிரமாதமாக நடந்தது.

நான்காம் நாள் காலையில் மேஸ்திரி வந்தார். "இந்தக் கெளைங்கோ நம்ம போட்ட சரளையெல்லாம் வாரிப் போட்டுடுதுப்பா. இனிமே யாரும் கெள கட்டக் கூடாதுன்னு சொல்லிடு" என்றார். சொல்லிவிட்டேன். இதுவும் நல்ல யோசனைதானே?

அன்று மாமாவின் பஸ் முதலில் இறங்கியது. ஜீப் எதுவும் இல்லை. கடைசியாக ஒரே ஒரு சைக்கிள். சின்னாண்டி என்ற மலைக்காரர், பின்னால் இரண்டு புளி மூட்டை, அதற்கும் பின்னால் ஆளுயரக் கிளை.

"கிளையை அவிழ்த்துடுங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"ரோடு கெட்டுப்போகுது."

சின்னாண்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கெள இல்லாம நான் எறங்குனா நான் கெட்டுப்பூடுவேன் சார்."

"பிரேக் இருக்கில்ல?"

"இருக்குது. அது பாட்டுக்கு இருக்குது."

நான் சட்டத்தின் பக்கம் நின்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே கிளையை அவிழ்த்தார். கட்டையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நானே பின்னாலிருந்து லேசாகத் தள்ளிவிட்டேன். (ஆமாம், தள்ளியும் விட்டேன்.)

நான் நின்ற பாறையிலிருந்து கீழே பாதை மடிப்பு மடிப்பாகத் தெரியும். மூன்றாவது மடிப்பில் பஸ் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தது. சின்னாண்டி முதல் மடிப்பில் காணாமல் போய், இரண்டாவதில் தோன்றினார். வேகம் கொஞ்சம் அதிகம்தான். ஒரு நீளமான அலறலும் கேட்டது. மூன்றாவது மடிப்பில், பாறைக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இருந்த சந்தில் புகுந்து, பஸ்ஸை முந்திக்கொண்டு போய்விட்டார்.

"அடேயப்பா!" என்று கைகூடத் தட்டினேன்.

இரண்டாவது தட்டலில் கை நின்றது.

முந்திப் போனது சின்னாண்டி இல்லை, கட்டை. பஸ் இன்னும் பாதையில் இருக்கிறது. "பாதை காலி" என்கிற கட்டை அதற்கு முன்னால் பறந்துகொண்டிருக்கிறது. அது ஏகாம்பரத்தின் கைக்குப் போகும். கட்டை வந்தால் விட வேண்டும் என்பது ஒன்றுதான் அந்த மனிதருக்குத் தெரியும். பஸ்ஸை ஓட்டுவது என் அக்காவின் புருஷன்.

"மாமா!" என்று கத்தினேன். எதிர் மலை மிகத் தெளிவாக "மாமா" என்று திருப்பிச் சொன்னது. பஸ்ஸுக்குத்தான் கேட்கவில்லை. அடிவாரத்தில் சின்னாண்டி ஒரு புள்ளியாக ஏகாம்பரம் நின்ற கொடிக்கம்பத்தைத் தாண்டிப் போவது தெரிந்தது. அவரால் நிற்க முடியவில்லை. கட்டையை மட்டும் வீசிவிட்டுப் போயிருக்கிறார். (சமதரையில் அரை மைல் போய்த்தான் சைக்கிள் நின்றதாம். விஷயத்தைச் சொல்ல அவர் திரும்பி நடந்து வருவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது.) கம்பத்தருகே மெல்லத் தூசி கிளம்பியது. ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று மேலே புறப்பட்டுவிட்டது.

கையில் கிடைத்த கொடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். மலைக்காரர்கள் வளைவுகளைக் குறுக்காக வெட்டி இறங்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. அவர்கள் அதில் தலைச்சுமையோடு பேசிக்கொண்டே நடப்பார்கள். நான் பெல்பாட்டம் போட்டுக்கொண்டு இறங்கினேன். பாதித் தூரம் காலால், மீதி உட்கார்ந்தபடி. முள் கிழித்தது, செருப்பு போயிற்று. எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. அக்காவிடம் என்ன வார்த்தை சொல்லி ஆரம்பிப்பது என்பது மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "அக்கா, ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பிக்கலாமா?

ரோட்டில் போய் விழுந்தபோது லாரி எனக்கு ஐம்பதடி கீழே வந்துகொண்டிருந்தது. நடு ரோட்டில் நின்று, என் உயிரையெல்லாம் திரட்டிக் கொடியை ஆட்டினேன்.

லாரி வேகமெடுத்தது.

மறுபடி வெறியோடு ஆட்டினேன். டிரைவர் நன்றியாகக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு இன்னும் அழுத்தினார். அப்போதுதான் கொடியைப் பார்த்தேன். பச்சை.

பாறையோடு ஒட்டிக்கொண்டேன். லாரி என் மூக்கை உரசிக்கொண்டு வளைவுக்குள் போயிற்று. வளைவுக்கு அப்பால் மாமாவின் ஹாரன் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரேக் கிறீச்சிட்டது. இன்னொரு பிரேக்கும் கிறீச்சிட்டது. அப்புறம் சத்தமே இல்லை. அந்த அமைதியில்தான் நான் உண்மையாகவே செத்தேன்.

பிறகு ஒரு கோழி கத்தியது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். பஸ்ஸும் லாரியும் மூக்கோடு மூக்காக நின்றன. நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். மாமா ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கட்டை என்னத் தாண்டிப் போச்சுடா" என்றார். "ஒருத்தன் கத்திகினே போறான், இடுப்புல செவப்புக் கட்டை. அப்பலேர்ந்து நவுத்தி நவுத்தி ஹாரன் அடிச்சிகினே வர்றேன்."

லாரி டிரைவர் இறங்கி வந்தார். "யோவ், இந்த ஆளு பச்சை காட்டுனான்யா! ரெண்டு தடவ காட்டுனான்யா!"

ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பது மலைப்பாதைச் சட்டம். தவிர, ஜல்லி லாரியால் பின்வாங்க முடியாது. ஆக, பஸ்தான் பின்னால் ஏற வேண்டும். இரண்டு வளைவு தாண்டி, அகலமான மதகு வரைக்கும். ஆட்களை எல்லாம் இறக்கிவிட்டார்கள். கோழிக் கூடையோடு இறங்கிய ஒரு அம்மா, "எந்த நாதாரி வண்டிய வுட்டது?" என்று கேட்டார். கண்டக்டர் மரியாதையாக என்னைக் கைகாட்டி, "டிரைவரோட மச்சான்" என்றார். முப்பத்தெட்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அதில் ஒரு பாட்டன் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பார்த்தார்.

"நான் பின்னால நின்னு சொல்றேண்ணே" என்றார் கண்டக்டர்.

"நீ வாணாம்" என்றார் மாமா. "மச்சான், நீ போய் பின்னால நில்லு. பள்ளத்துப் பக்கம்."

"மாமா, நானா?"

"இவ்ளோ பயந்தவன் இன்னிக்கி தப்பா சொல்ல மாட்டான். போடா."

பஸ்ஸின் பின் மூலையில், சாலையின் விளிம்பில் நின்றேன். சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு முழம். நானும் பின்னோக்கியே நடக்க வேண்டும். சக்கரம் உருண்டதும் சரளை நழுவிப் பள்ளத்தில் விழுந்தது. விழுந்த சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவேயில்லை. "வரலாம்... வரலாம்... ஒடிங்க, ஒடிங்க... போதும்..." ஒரு கட்டத்தில் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பஸ் நின்றது.

"இன்னா மச்சான், இருக்கியா?"

"இ... இருக்கேன் மாமா."

"அப்ப கொரல் குடு. கொரல் வரலன்னா நீ போய்ட்டன்னு நெனச்சுக்குவேன். அப்புறம் நான் உங்கக்காவுக்கு ரெண்டு பதில் சொல்லணும்."

அதன் பிறகு மதகு வரும் வரை நான் மூச்சுக்கு ஒருமுறை "வரலாம் மாமா" என்று கத்திக்கொண்டே இருந்தேன். கண்ணீர் வந்துகொண்டிருந்தது, துடைக்கக் கையில்லை. ஒரு கையால் சைகை, இன்னொரு கையில் பச்சைக் கொடி. சக்கரம் மதகில் ஏறி நின்றதும் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். மாமா இறங்கி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, பீடி பற்றவைத்தார். ஐந்து குச்சி வீணாயிற்று.

மதியத்துக்குள் மேஸ்திரி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் முதல் கிளை கட்டலாம், கட்டை பஸ்ஸில்தான் வரும் என்று புது உத்தரவு. மாமா அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு வருஷம் கழித்து, என் கல்யாணத்தில், பெண் வீட்டார் நூறு பேருக்கு நடுவில் சொன்னார்.

இப்போது அவருக்கு வண்டி ஓட்டுகிற வயது தாண்டிவிட்டது. ஆனால் எங்கள் குடும்பத்தில் யார் வண்டியைப் பின்னால் எடுத்தாலும் நான்தான் போய் நிற்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். போன மாதம் சென்னையில் அக்கா மகன் புதுக் கார் வாங்கி வந்தான். பின்னால் வருவதையெல்லாம் முன்னால் படம் காட்டுகிறது, நெருங்கினால் தானே கூவுகிறது. "யாரும் நிக்க வேணாம்பா, அதுவே சொல்லும்" என்றான்.

மாமா நாற்காலியை விட்டு எழவில்லை. "அது சொல்லட்டும்டா. அதுக்கு இன்னா பயமா, ஒண்ணா? மச்சான், நீ போய் பின்னால நில்லு."

போய் நின்றேன். சென்னைத் தெரு, சமதரை, பின்னால் ஒரு சாக்கடைதான் இருந்தது. சாக்கடையிலிருந்து ஒரு முழம் தள்ளியே நின்றேன். "வரலாம்" என்றேன். காருக்குள்ளிருந்து அக்காவின் பேரப்பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்: "கொரல் குடு தாத்தா!"