இருபத்தாறு மீனும் மேற்படி நபரும்

ஞாயிற்றுக்கிழமை தூங்கியே தீருவது என்று போன வருடம் ஒரு மாபெரும் முடிவெடுத்தேன்.

ஐஸ் தொழிற்சாலையில் எனக்கு ராத்திரி வேலை. கம்ப்ரஸர் ஒழுங்காக ஓடுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பதுதான் உத்தியோகம். இருபத்திரண்டு வருடம் கேட்டதில், வீட்டுக்கு வந்தாலும் அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதையும் மீறி ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடினால், என் மனைவி ஏணியைக் கொண்டுவந்து கட்டிலில் சாத்துவாள்.

"என்னங்க, ஃபேன் துடைக்கணும்."

"போன வாரம்தானே துடைச்சேன்?"

"அதுக்கப்புறம் அது ஒரு வாரம் சுத்தியிருக்கே."

இதற்குப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

வழி காட்டியவர் என் பல் டாக்டர். என் வாயில் இரண்டு கருவிகளை வைத்துவிட்டு, தான் செயலாளராக இருக்கும் தூண்டில் சங்கத்தின் பெருமையைச் சொன்னார். மலையடிவாரத்தில், குளிர்ந்த ஆற்றில் ட்ரவுட் மீன் இருக்கிறது. தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி, ஈ மாதிரி ஜோடித்து வீசவேண்டும். மீன் ஏமாந்து கவ்வும். அதை அளந்துவிட்டு, மன்னிப்புக் கேட்காத குறையாக ஆற்றிலேயே விட்டுவிடவேண்டும். வீட்டுக்கு ஒன்றுகூடக் கொண்டுபோகக் கூடாது.

திறந்த வாயோடு சங்கத்தில் சேர்ந்தேன். கொண்டுபோகத்தான் கூடாது என்றால், பிடிப்பானேன்?

ஆற்றங்கரையில் ஒரு மரம். மரத்தடியில் நான். முதல் நாளே தண்ணீர்ச் சத்தத்தில் மண்டைக்குள் கம்ப்ரஸர் நின்றது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் அழுதேன். பிறகு மதியம் வரை தூங்கினேன்.

ஒரே தொல்லை, சங்கத்தின் நோட்டு. எத்தனை மீன், என்ன நீளம் என்று வாராவாரம் எழுதவேண்டும். முதல் வாரம் இரண்டு என்று அடக்கமாக எழுதினேன். வீட்டில் மனைவிதான் கெடுத்தாள். ஞாயிறுதோறும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வருபவள், வந்ததும் கேட்பாள்.

"இன்னிக்கு எத்தனை?"

"நாலு."

"போன வாரமும் நாலுதானே? முன்னேற்றமே காணோமே."

மானப் பிரச்சினை. அடுத்த வாரம் ஏழு. அப்புறம் பதினொன்று.

"பதினொண்ணா! அப்ப கை நல்லா உரம் ஏறியிருக்கும். இந்தப் போர்வையைக் கொஞ்சம் பிழிஞ்சு போடுங்க."

வீட்டில் சொன்னதையே நோட்டிலும் எழுதினேன். பொய்யிலும் ஓர் ஒழுங்கு வேண்டுமல்லவா? நாற்பதாவது வாரம் இருபத்தாறு மீன். அதில் ஒன்று என் கை நீளம்.

அந்த நேரம் பார்த்து ஆற்றின் மேல்பக்கம் ஒரு சாயப்பட்டறை வரப் போவதாகத் தெரிந்தது. ஆற்றைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கச் சொல்லிச் சங்கம் வனத்துறை அதிகாரியிடம் மனு கொடுத்தது. ஆதாரத்துக்கு நோட்டையும் கொடுத்தது. மறுவாரம் டாக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மீன் குறைஞ்சுபோச்சுன்னு எல்லாரும் எழுதியிருக்கோம். அதிகாரி உங்க பக்கத்தைப் பார்த்துட்டு, 'இவ்வளவு மீன் துள்ளுற ஆத்துக்கு என்னய்யா ஆபத்து?'ங்கிறார். சனிக்கிழமை கூட்டத்துக்கு வர்றார். நீங்கதான் பதில் சொல்லணும்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. "கூட்டம் எத்தனை மணிக்கு சார்?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அங்க பெண்களுக்கு அனுமதி இல்லை," என்றேன் அவசரமாக.

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் கையில் காப்பியைத் திணித்தாள்.

யோசித்தேன். உண்மையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போச்சு. சொல்லாவிட்டால் ஆறே போச்சு. அதன் சத்தத்தை விட்டால் எனக்கு வேறு மருந்து கிடையாது. சரி, கூட்டத்தில் உண்மை, வீட்டில் மீன் என்று முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை எழுந்து நின்றேன். "ஐயா, நான் கொஞ்சம் கூட்டி எழுதிட்டேன்."

"எவ்வளவு கூட்டி?" என்றார் அதிகாரி.

"எல்லாத்தையும். மீனை நான் நேர்ல பார்த்ததே இல்லீங்க. தூங்கிட்டிருந்தேன்."

ஆற்றைக் காப்பாற்றிய களிப்பில் என் நெஞ்சு நிமிர்ந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"நாற்பது வாரம் பொய் சொன்னவர் இன்னிக்கு மட்டும் நிஜம் பேசுறார்னு நான் எப்படி நம்புறது? தூங்கினதுக்குச் சாட்சி இருக்கா?"

"இருக்கு சார்."

பின்வரிசையிலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டால் நான் எழுந்து நிற்பது வழக்கம். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் உட்கார்ந்துவிட்டேன்.

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கையில் நீல நோட்டு. என் மனைவி.

"ரெண்டாவது வாரம் இவர் மூக்குக்கண்ணாடியை மறந்துட்டுப் போயிட்டார். கொடுக்கப் போனா, மரத்தடியில குறட்டை. எழுப்ப மனசு வரலை. டாக்டர் வீட்டம்மா ஆத்துல கல்லைப் புரட்டிப் பூச்சி எண்ணிட்டிருந்தாங்க. மீனுக்குச் சாப்பாடே அந்தப் பூச்சிதானாம். எண்ண ஆளில்லைன்னாங்க, சேர்ந்துட்டேன். எல்லா வாரமும் எழுதியிருக்கேன்."

அதாவது, ஞாயிறுதோறும் அவள் போன அக்கா வீடு இதுதான்!

அதிகாரி உரக்கப் படித்தார்:

"'ஒன்பதாம் வாரம். பூச்சி நாற்பது. மரத்தடியில் ஒரு நபர், தூக்கம். தூண்டில் உறையிலேயே இருக்கிறது.' 'இருபதாம் வாரம். பூச்சி இருபத்தெட்டு. மேற்படி நபர், தூக்கம்.' 'முப்பத்தெட்டாம் வாரம். பூச்சி பன்னிரண்டு. மேற்படி நபர், தூக்கம். வாய் திறந்திருந்தது. உள்ளே எதுவும் போகாமல் முகத்தில் துணி போட்டேன்.'"

நோட்டை மூடினார். "இது போதும்மா. யாரு இந்த மேற்படி நபர்?"

"எங்க வீட்டுக்காரர் சார்."

ஆறு பிழைத்தது. என் மரத்தோடு சேர்த்துக் கரை முழுவதும் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆனது. பூச்சி எண்ணுபவர்களைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது.

திரும்பி வரும்போது கேட்டேன். "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே ஏன் வாராவாரம் எத்தனைன்னு கேட்ட?"

"அதைச் சொல்றப்பதாங்க நீங்க வீட்டுல வாயைத் திறந்து நாலு வார்த்தை சந்தோஷமாப் பேசினீங்க."

நான் உருகி முடிப்பதற்குள் அடுத்ததைச் சொன்னாள். "கல்லு புரட்ட ஆள் வேணுமாம். உங்க பேரைக் கொடுத்திருக்கேன். ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணி."

இப்போது ஞாயிறுதோறும் முழங்கால் தண்ணீரில் சல்லடையோடு நிற்கிறேன். கல் புரட்டுகிறேன், வீரனைப் போல விழித்திருக்கிறேன். போன வாரம் அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் நீல நோட்டைப் பிரித்துப் பார்த்தேன்.

'பூச்சி முப்பத்தொன்று. மீன் மூன்று. மேற்படி நபர், தூக்கம். நின்றபடி.'