கெளுத்திக்கு விடுதலைப் பத்திரம்

ஒரே ஒரு ஊரில், ஊரை விடப் பெரிய பார்க்கிங் லாட்டோடு, ஒரு தமிழ்ச் சங்கம் இருந்ததாம். ஃபிரிஸ்கோவுக்குப் பக்கத்தில்தான். அதற்கு ஒரு மீன்பிடிப் பிரிவு. தலைவர் ராமசுப்ரமணியன் மூன்று தலைமுறையாக மீன் வாசமே அறியாத வீட்டுப் பிள்ளை. அப்படியானால் பாரபட்சம் இருக்காது என்று ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அந்த வருஷம் நீர்த்தேக்கக் கரையில் கூடாரம் போட இடம் புரட்டாசியில்தான் கிடைத்தது. புரட்டாசியில் கவிச்சி ஆகாதே. கமிட்டி மூன்று ஸூம் மீட்டிங் போட்டு விதி வகுத்தது: தூண்டிலில் சைவ இரை மட்டும். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். விட்டதற்குப் பிடித்தவர் கையெழுத்திட வேண்டும்.

பவானிக்காரன் வேலுமணிக்கு இங்கேதான் சிக்கல். மனைவி சாந்திக்கு எட்டாம் மாதம். ஒரு வாரமாகக் கெளுத்திக் குழம்பு தவிர வேறெதுவும் கேட்கவில்லை. கடை ஐஸ் மீனை முகர்ந்து பார்த்துத் தள்ளிவிட்டாள். மாசமானவளுக்கு ஏது புரட்டாசி?

இட்லியைப் பிசைந்து மாட்டினான். பத்தே நிமிடத்தில் கை நீளத்துக்கு ஒரு கெளுத்தி.

தலைவரிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் உருகிப்போய் அவசரக் கூட்டம் கூட்டினார். டாக்டர் லெட்டர் வேண்டும் என்றார் ஒருவர். மசக்கை மூன்றாம் மாதத்தோடு சரி, இது காலாவதி என்றார் இன்னொருவர். அதற்குள் வந்திருந்த நாற்பத்திரண்டு பேரும் மீனை வாங்கி வாங்கி செல்ஃபி எடுத்தார்கள். முப்பதாவது செல்ஃபியில் மீன் செத்தது. மீதிப் பன்னிரண்டு பேருக்கும் அசையாமல் நல்ல ஒத்துழைப்புக் கொடுத்தது.

"செத்ததை எப்படிங்க சார் விடறது? நானே எடுத்துக்கறனுங்க."

"உயிரோட விடணும்னு விதியில எங்க இருக்கு, வேலுமணி? கையெழுத்துப் போடுங்க, நாங்க விட்டுடறோம்" என்றார் தலைவர்.

போட்டான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், கூடாரத்துக்குப் பின்னால் துணைத் தலைவர் பிச்சுமணி கெளுத்தியைத் துண்டு போட்டு, பெயர் எழுதிய ஜிப்லாக் பைகளில் அடைத்துக்கொண்டிருந்தார். ஐப்பசி வரை ஃப்ரீசரில் இருக்குமாம், விதிக்குப் பங்கமில்லையாம். ஒரே ஒரு துண்டு கேட்டான் வேலுமணி.

"எந்த மீன்ல?" என்றார் பிச்சுமணி. "நீங்க விட்டதா கையெழுத்து இருக்கே. ஏரியில நீந்தற மீன்ல துண்டு கேக்கறீங்களே, நியாயமா?"

வாட்ஸ்அப் குரூப்பில் நாறடித்துவிடுவேன் என்றான் வேலுமணி. தலைவர் ஓடி வந்து தோளில் கை போட்டு, செயலாளர் பதவி காலியாக இருப்பதையும், பேட்ஜ் தயாராக இருப்பதையும் தெரிவித்தார். வேலுமணி பைகளைப் பார்த்தான். பேட்ஜைப் பார்த்தான்.

போன் அடித்தது.

"ஏனுங்க, மீன் கெடச்சுதுங்களா?"

"சாந்தி, இனிமே நான் செயலாளர்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

கூடாரத்தை மடிப்பது செயலாளர் பொறுப்பு. எல்லாரும் போன பிறகு அதைச் செவ்வனே மடித்துவிட்டு, பேட்ஜை நேராக்கிக்கொண்டு, வெறுங்கையோடு அவனும் காரைப் பார்த்து நடந்தான்.