ஆளுக்கு நாலு குடம்

எங்கள் பேரூராட்சியில் கடவுளை நம்பாதவர்கள் சிலர் இருந்தார்கள். 'நல்லதண்ணி'யை நம்பாதவர் ஒருவரும் இல்லை.

அது பேரூராட்சி ஊழியர் ஒருவருக்கு ஊர் வைத்த பெயர்; பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே இருந்த எங்கள் ஊரில் குடிநீரை நல்லதண்ணி என்போம். எட்டு நாளைக்கு ஒருமுறை அது வரும் நேரத்தை, ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பது அவர் வேலை. "நேத்து ஆறரைன்னு சொன்னேன். ஆறு முப்பத்தெட்டுக்குத்தான் வந்துச்சு. எட்டு நிமிசத்துக்கு மன்னிக்கணும்" என்று மறுநாள் தெருத்தெருவாக வருந்திவிட்டுப் போவார். அதற்கு ஆன டீசலுக்காகச் செயல் அலுவலர் தனியே வருந்துவார்.

வெயில் ஆண்டுக்காண்டு ஏறியது. மேலிடத்து உத்தரவுகளும் ஏறின. பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை யாரும் வெளியே வரக்கூடாது என்று அறிவிக்கச் சொன்னார்கள். அவர் அதைச் சரியாகப் பன்னிரண்டு முதல் மூன்று வரை அறிவித்தார். நான் குடியிருந்த ஓடைத் தெருவில் இட்லிக்கடை வைத்திருந்த ரோசம்மாள், கரண்டியோடு வந்து ஆட்டோவை மறித்தாள்.

"வெயில்ல வராதன்னு வெயில்ல வந்து சொல்லுதீகளே அண்ணாச்சி, நீங்க மனுசன் இல்லையா?"

"டூட்டில இருக்கேன் தாயி. டூட்டி முடிஞ்ச பொறவுதான் மனுசன்."

ஆனால் அவரைச் சோதித்தது மழை. ஒரு கார்த்திகையில் மலைமேல் இரண்டு நாளாக விடாமல் பெய்தது. ஊரில் வெறும் தூறல். தாழ்வான பகுதி மக்கள் உடனே பள்ளிக்கூட மேட்டுக்குப் போகவேண்டும் என்ற தாள் பிற்பகலில் அவர் கைக்கு வந்தது. தாழ்வான பகுதி என்றால் நாங்கள்தான். எங்கள் ஓடையில் சீமைக்கருவேலம் அடைந்து கிடந்தது. மிச்ச இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.

மூன்று முறை சுற்றி வந்து வாசித்தார். ஒருவரும் அசையவில்லை.

"எந்த ஓடையில வெள்ளம்? நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து அதுல கால் நனைஞ்சதில்ல" என்றாள் ரோசம்மாள். "மாவு பொங்கிக் கெடக்கு. போங்க அண்ணாச்சி."

அவர் மலையைப் பார்த்தார். மலை இருந்த இடத்தில் கருப்பாக மேகம்தான் இருந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மைக்கை எடுத்தார்.

"குழாயில கலங்கலா வாரதால, நல்லதண்ணி லாரி பள்ளிக்கூட மேட்டுக்கு வருது. ஆளுக்கு நாலு குடம். ஆள் நேர்ல வரணும். கைக்குழந்தையும் ஒரு ஆள்தான்."

பத்து நிமிடத்தில் தெரு காலி. படுக்கையில் கிடந்த ஒரு பெரியவரை மருமகன்கள் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். "ஏலே, மெதுவாத் தூக்கு, மாமாவுக்கு நாலு குடம்!" வெள்ளச் செய்தி எழுத வேண்டிய நிருபனான நானும் கைக்கு ஒரு குடத்தோடு ஓடினேன்.

மேட்டில் வரிசைச் சண்டை முற்றிக்கொண்டிருந்தபோது கீழே பெரிய சத்தம் கேட்டது. சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டு ஓடை செந்நிறமாக வந்தது. தெருவில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. ரோசம்மாளின் இட்லிக் கொப்பரை மிதந்து போவதை, காலிக் குடங்களோடு நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம். முதலில் தேறியவள் ரோசம்மாள்தான்.

"அண்ணாச்சி, லாரி எங்க?"

"லாரி இல்ல தாயி. பொய் சொன்னேன்." திருடிப் பிடிபட்டவர் போலத் தலை குனிந்தார். "இனிமே என் மைக்க யாரு நம்புவா?"

நான்காம் நாள் நாங்கள் வீட்டுச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தபோது ஆட்டோ வந்தது. "அன்னைக்குச் சொன்ன லாரி இப்ப மேட்டுல நிக்குது. நாலு நாள் தாமதம். மன்னிக்கணும்."

உண்மையாகவே நின்றது. அதற்காகச் செயல் அலுவலரின் அறை வாசலில் அவர் எத்தனை பொழுது நின்றார் என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் குடத்தைப் பிடித்த ரோசம்மாள், அதிலிருந்து ஒரு செம்பு மொண்டு அவரிடம் நீட்டினாள்.

"டூட்டி முடிஞ்சிச்சுல்லா? குடிங்க."

பேரூராட்சி பிறகு ஓடையைத் தூர்வாரியது. மேட்டில் தங்குமிடமும் கட்டியது. நான் வேறு ஊருக்கு வந்துவிட்டேன். மழை எச்சரிக்கை என்று செல்போன் அலறும்போது அதை அணைத்துவிட்டுப் புரண்டு படுக்கிறேன். அந்தக் குரல் மட்டும் ஒருமுறை கேட்கட்டும். பொய்யென்று தெரிந்தே குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுவேன்.