கட்டைவிரல் வளைத்த ஜீப்

எங்கள் வீட்டில் நான் தொடங்கி நானே முடித்த ஒரே காரியம் சாப்பாடுதான். மாடியில் காளான் வளர்த்தேன். குரங்குகள் அறுவடை செய்தன. தேனீப் பெட்டி வைத்தேன். அவை ஒரே வாரத்தில் செஞ்சிக் கோட்டை மலைக்கே திரும்பிப் போய்விட்டன (போகிற வழியில் எதிர்வீட்டு வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டு போனதால் அவர் முகம் மூன்று நாள் வீங்கியிருந்தது). ஆகவே, முப்பத்து நாலாம் வயதில் நான் ஒரு பழைய ஜீப்பைச் சரிசெய்து ஓட்டப்போகிறேன் என்று அறிவித்தபோது யாரும் எதிர்க்கவில்லை. எதிர்க்க வேண்டுமென்றால் நடக்கும் என்று நம்ப வேண்டுமே.

சிங்கவரத்தில் என் தாய்மாமன் வீட்டுக் கொட்டகையில் பன்னிரண்டு வருடமாகக் கிடந்த ஜீப் அது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஒருநாள் புளியமரத்தில் முட்டிவிட்டது. அதற்குப் பிறகு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் இடதுபக்கமே இழுத்ததால் மாமா வெறுத்துப்போய் நிறுத்திவிட்டார். "எடுத்துக்கினு போடா, கோழி முட்ட வெக்கிறதுக்குத்தான் ஆவுது" என்றார். டிராக்டரில் கட்டி இழுத்து வந்து, செஞ்சி கடைத்தெருவில் இருக்கிற எங்கள் துணிக்கடையின் பின்கட்டில் நிறுத்தினேன்.

என் அப்பா, எங்களுக்கு நைனா, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். உள்ளே இருந்த முட்டைக் கூடையை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஆடி சரக்கு வர்றதுக்குள்ள முடிவு சொல்லிடு. அடியில நேரா இருந்தா இது வண்டி. கோணிக்கிச்சின்னா இரும்பு. இரும்ப வெச்சிக்க இங்க எடம் கெடையாது."

நைனா சொன்னதில் நியாயம் இருந்தது. ஜீப்பின் அடியில் ஏணி போல ஒரு இரும்புச் சட்டம் இருக்கிறது. சேஸ் என்பார்கள். இன்ஜின் போனால் மாற்றலாம், தகடு துருப்பிடித்தால் வெட்டி ஒட்டலாம். சேஸ் வளைந்துவிட்டால் வண்டி ஆயுசுக்கும் நண்டு மாதிரிதான் போகும். இதையெல்லாம் நான் இரண்டு வாரம் கைப்பேசியில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். மூன்றாவது வாரம் மெக்கானிக்குகளுக்கே ஆலோசனை சொல்ல ஆரம்பித்தேன்.

அடியில் மல்லாந்து படுத்து, சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். பெயிண்டில் சுருக்கம் உண்டா, வெல்டிங் வைத்த தழும்பு உண்டா, போல்ட் ஓட்டைகள் இழுபட்டு நீண்டிருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். கிடைத்தவை இரண்டு கை மல்லாட்டையும் ஒரு பூரானும். (பூரான்தான் முதலில் என்னைக் கண்டுபிடித்தது.)

மிச்சமிருந்தது கடைசிப் பரீட்சை. சட்டத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது காட்டும் இடங்களைத் தரையில் குறிக்க வேண்டும். வண்டியைத் தள்ளிவிட்டு, மூலைக்கு மூலை குறுக்கே அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். வேறுபட்டால் கோணல்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதற்கு நாள் குறித்தேன். பஞ்சாங்கம் பார்க்காததுதான் பாக்கி. நைனா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் டீ கிளாசோடு வந்தார்கள். விருந்துக்கு வந்திருந்த என் தங்கையின் கணவரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவர் திண்டிவனத்தில் நகைக்கடை வைத்திருக்கும் குடும்பம். தும்மினால் தங்கத்தூள் பறந்துவிடும் என்று மூச்சைக்கூட அளந்து விடுகிறவர்.

யாரோ டேப் கொண்டுவந்து நீட்டினார்கள். நான் சிரித்தேன். "டேப்பு நெளியும். துணி அளக்கிற மீட்டர் கம்பி நெளியுமா? முத்திரை போட்ட கம்பி. நாலு தலைமுறையா அளக்குற கை இது" என்று கையை வேறு தூக்கிக் காட்டினேன். தையல் சாக்பீசால் நான்கு மூலைகளையும் குறித்தேன். ஜீப்பைத் தள்ளிவிட்டு, முட்டிபோட்டு முதல் குறுக்கை அளந்தேன். இரண்டு மீட்டர் எழுபத்தாறு.

இரண்டாவதையும் நானே அளந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் ஒரே ஆள் இரண்டையும் அளக்கக்கூடாது, மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். "மாப்ள, நீங்க அளங்க. அப்பதான் நாளைக்கு ஒரு பேச்சு வராது" என்று கம்பியை அவரிடம் நீட்டினேன். அவர் முகத்தைத் தரையோடு ஒட்டி, ஒற்றைக் கண்ணை மூடி, மயிரிழை பிசகாமல் அளந்துவிட்டு எழுந்தார்.

"ரெண்டு மீட்டர் எம்பத்தொண்ணு மச்சான்."

ஐந்து சென்டிமீட்டர்! ஒரு நல்ல மனிதன் அந்த இடத்தில் வாயை மூடியிருப்பான். நானோ படித்ததையெல்லாம் அவிழ்த்து விட்டேன். புளியமரம் எந்தக் கோணத்தில் மோதியது, விசை எந்தப் பக்கம் பாய்ந்தது, சட்டம் எப்படிச் சாய்சதுரமாகியது என்று படம் போட்டு விளக்கினேன். ஒரு பக்கம் வண்டி போச்சே என்று இருந்தது. இன்னொரு பக்கம், எல்லோரும் தலையாட்டிக் கேட்பது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! என் வண்டிக்கு நானே சாவுச் சீட்டு எழுதி நானே வாசித்தேன். நைனா எழுந்து பழைய இரும்புக்கடைக்காரருக்குப் போன் போட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கேஸ் கட்டரோடு அவர் வந்துவிட்டார். அதைப் பார்க்கத் தெம்பில்லாமல் நான் கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். முதல் போணி, வல்லத்திலிருந்து எப்போதும் வருகிற ஒரு அக்கா. ஜன்னல் திரைக்கு ஏழு மீட்டர் பூப்போட்ட துணி கேட்டார். அழுகையை அடக்கிக்கொண்டு அளந்தேன். நாலாவது மீட்டரில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, இன்னா இன்னிக்கி கை இப்டி இறுக்கிப் புடிக்குது? மீட்டருக்கு மீட்டர் ஒரு கட்டவெரலு வுட்டுத்தான அளப்பீங்க? அந்தக் கொசுறுக்கோசரந்தான நான் பஸ் ஏறி வர்றேன்?"

நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன்.

எங்கள் கடையில் இது தாத்தா காலத்து வழக்கம். கம்பி முடிகிற இடத்தில் கட்டைவிரலை வைத்து, விரலுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் அடுத்த மீட்டரைத் தொடங்குவோம். மீட்டருக்கு ஒரு விரல் வாடிக்கையாளருக்கு இனாம். யோசித்துச் செய்வதில்லை, கை அதுவாகச் செய்துவிடும். சிமெண்ட் தரையிலும் செய்திருக்கிறது! கம்பியை இரண்டு முறை நகர்த்தினேன். இரண்டு கட்டைவிரல், ஐந்து சென்டிமீட்டர். நான் தரைக்குக் கொசுறு கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளையோ நகைக்கடைக் கை. அவர் தரைக்கு ஒரு குந்துமணிகூடக் கொடுக்கவில்லை.

எழுந்து ஓடினேன். கையில் மீட்டர் கம்பி. கம்பியோடு சுற்றிக்கொண்டு துணியும் வந்தது. ரோல் கல்லாமேசையிலிருந்து உருண்டு அவிழ, பூப்போட்ட திரை எனக்குப் பின்னால், பின்கட்டுக்குப் போகிற முடுக்கு நெடுக ஓடியது. அதன் பின்னால் அந்த அக்கா, "அய்யோ என் துணி! தம்பி, மண்ணுல இழுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

பின்கட்டில் கருப்புக் கண்ணாடி மாட்டியவர் நெருப்பைப் பற்றவைத்து, பின்பக்கச் சட்டத்தின் அருகே குனிந்திருந்தார்.

"நிறுத்துங்க! வண்டி கோணலில்ல! என் கைதான் கோணல்!"

நெருப்பு அணைந்தது. "டேய், இன்னாடா ஒளர்ற?" என்றார் நைனா. மூச்சு வாங்க விளக்கினேன். விருந்து முடிந்து ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாப்பிள்ளை பையைக் கீழே வைத்துவிட்டு, "எங்க கடையில கட்டவெரலுக்கு வேலையே இல்ல மாமா. என் அளவுதான் சரி" என்றார். நைனா கம்பியை வாங்கித் தானே அளக்கக் குனிந்தார். முதல் மீட்டர் முடிந்ததும் அவர் கட்டைவிரலும் தானாகப் போய்ப் படுத்துக்கொண்டது. சட்டென்று கையை எடுத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று நிமிர்ந்து பார்த்தார். எல்லோரும் பார்த்தோம்.

துணியை உதறி மடித்துக்கொண்டிருந்த அந்த அக்காதான் கேட்டார்: "ரெண்டும் ஒண்ணான்னு பாக்கறதுக்கு எதுக்குங்க மீட்டரு? ஒரு கயித்தப் புடிச்சி பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது."

நாலு தலைமுறை அளந்த குடும்பமும், பொன் நிறுக்கிற குடும்பமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பார்சல் கட்டுகிற சணலை எடுத்துவந்தேன். முதல் குறுக்கில் மாப்பிள்ளையும் நானும் இழுத்துப் பிடித்தோம். மறு முனையில் அவரே முடிச்சுப் போட்டார். அப்படியே இரண்டாவது குறுக்குக்குக் கொண்டுபோனோம். சாக்பீஸ் குறியின்மேல் முடிச்சு வந்து உட்கார்ந்தது. குறிக்கு முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. நான் "ஏய்ய்" என்று போட்ட சத்தத்தில் மதில்மேலிருந்த குரங்குகள் அடுத்த தெருவுக்குத் தாவின.

நைனா இரும்புக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "காபி சாப்ட்டு கெளம்புப்பா. இது வண்டி."

என் வாழ்நாளில் எந்தச் சான்றிதழும் எனக்கு அத்தனை சந்தோஷம் தந்ததில்லை. இடதுபக்கம் இழுத்ததற்குக் காரணம் ஸ்பிரிங்கில் உடைந்திருந்த ஒரு பட்டை. அதை ஒரு நிஜ மெக்கானிக் அரை மணியில் கண்டுபிடித்தார். எட்டு மாதத்தில் ஜீப் ஓடியது. நைனாவை முன்சீட்டில் உட்கார வைத்து, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கணம் இரண்டு கையையும் எடுத்துக் காட்டியபடி சிங்கவரம் ரோட்டில் போனேன். வண்டி நூல் பிடித்தது போலப் போனது. மாமா வாசலில் நின்று வாயைப் பிளந்தார். கோழிகள் மட்டும் என்னை மன்னிக்கவில்லை.

வல்லத்து அக்காவின் வாய் சும்மா இருக்குமா? இன்றைக்கும் எங்கள் கடைக்கு வருகிறவர்கள், "ஜீப்பு அளவுல வெட்டுப்பா" என்றுதான் கேட்கிறார்கள். நானும் கட்டைவிரலைக் கொஞ்சம் அகலமாகவே வைக்கிறேன். போன மாதம் திண்டிவனத்திலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார்.

"மச்சான், செயின் வாங்க வந்த ஒரம்மா, இங்க ஜீப்பு அளவு உண்டான்னு கேக்குது. இன்னா சொல்லட்டும்?"

"கட்டவெரல வைங்க மாப்ள" என்றேன். லைன் கட்டாகிவிட்டது.