முடிக்கவே முடியாத கிணறு

மதிப்பெண் போடுகிற வேலை கைக்கு வந்துவிட்டால் மனுஷன் ஒரு வாரத்தில் கெட்டுப்போவான். நான் ஒரே நாளில் கெட்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, திண்டுக்கல்லில் அப்பா அம்மாவோடு இருந்தேன், பகலில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்த்தேன். மிச்ச நேரமெல்லாம் செத்துக்கொண்டிருந்தேன்.

பயப்பட வேண்டாம், கேமில்தான். கம்ப்யூட்டரில் ஒரு குட்டி மனுஷன் ஓடுவான், தாவுவான், குழியைத் தாண்டுவானே, அந்த மாதிரிப் பழைய கேம்கள் மேல் பைத்தியமான ரசிகர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அவர்கள் சும்மா விளையாடிவிட்டுப் போக மாட்டார்கள். அதே மாதிரி கேமைத் தாங்களே செய்வார்கள், விளையாடுகிறவன் அழ வேண்டும் என்கிற ஒரே நல்லெண்ணத்தோடு. மேலே தொங்கும் பழம் தலையில் விழும். அதற்குத் தப்பினால் கீழே கிடக்கும் பழம் மேலே பாயும். அப்பாடா என்று கதவைத் தொட்டால் கதவு கடிக்கும். ஒரு தப்புக்கு ஒரு சாவு, அந்த அறையை மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். இதில் எனக்கு அபாரமான பொறுமை உண்டு. (அம்மா கடைக்குப் போகச் சொன்னால் மட்டும் அந்தப் பொறுமை எங்கே போகும் என்று தெரியாது.)

இந்த ரசிகர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை இணையத்தில் போட்டி வைப்பார்கள். பல நாட்டு ஆட்கள் தாங்கள் செய்த கேம்களை அனுப்புவார்கள், நான்கைந்து நடுவர்கள் ஆடிப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அந்த வருஷம் நடுவர்களில் ஒருவனாக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தாள்.

நடுவருக்கு ஒரு விதி உண்டு. கேமைத் தன் கையாலேயே ஆட வேண்டும், அதை எல்லோரும் லைவில் பார்க்கலாம். நாள் பூரா முயன்றும் முடியவில்லை என்றால் 'முடிக்க இயலாதது' என்று அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் அந்த கேம் போட்டியிலிருந்து வெளியே. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் அதிகாரம் கிடைத்ததிலிருந்து நான் நடக்கிற நடையே மாறிவிட்டது என்று என் தங்கை சொல்வாள்.

என் பங்குக்கு வந்த கேம்களில் ஒன்று மட்டும் பாக்கி. அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் எதுவும் தப்பாது. அரிவாள்மனை, மிக்ஸி, அப்பாவின் வண்டி, தங்கையின் ஸ்டெதாஸ்கோப் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அம்மா என் அறைக்கும் கிண்ணத்தோடு வந்தாள்.

"ஏலே, நாளைக்குக் காலையில வரைக்கும் இதத் தொடக்கூடாது. சாமி கும்பிட்டிருக்கு."

நான் தொடவில்லை. மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் கடைசி கேமை ஆரம்பிக்கலாம் என்று குளித்துவிட்டு உட்கார்ந்தால், கீபோர்டு முழுக்கச் சந்தனம். கேமராவில் அசிங்கமாகத் தெரியுமே என்று ஒரு துணியை நன்றாக நனைத்து அழுந்தத் துடைத்தேன். பளபளவென்று ஆனது. அன்றைக்கு நான் செய்த முதல் முட்டாள்தனம் அதுதான், அப்போது எனக்குத் தெரியாது.

கேம் பிரமாதமாக இருந்தது. ஒரு தென்னந்தோப்பு. தேங்காய் மேலேயிருந்து விழுகிறது, மட்டை பறந்து வந்து வெட்டுகிறது, இளநீர் குடிக்கப் போனால் இளநீர் நம்மைக் குடிக்கிறது. செய்தவர் பெயரை நடுவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். தென்னையைப் பார்த்ததும், செய்தவன் பிலிப்பைன்ஸ்காரன் என்று நான் முடிவு கட்டினேன். (நம்ம ஊரைச் சுற்றித் தென்னை மரமே இல்லாத மாதிரி.) பெரிய பெரிய தாவல்களாகத் தாவி மத்தியானத்துக்குள் கடைசி அறைக்கு வந்துவிட்டேன்.

கடைசி அறை ஒரு கிணறு. கீழே முள், மேலேயும் முள். நடுவில் சின்னச் சின்னக் கற்கள். இந்த கேம்களில் தாவுவதற்கு ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். லேசாகத் தட்டி உடனே விட்டால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் பெரிய தாவல். இந்தக் கிணற்றில் எல்லாமே சின்னத் தாவல்தான். நான் லேசாகத் தட்டினேன். குட்டி மனுஷன் ஜிவ்வென்று எகிறி மேல் முள்ளில் குத்திக்கொண்டு செத்தான். இன்னும் லேசாகத் தட்டினேன். மறுபடி செத்தான். விரல் நுனியால், நகத்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு என்று எப்படித் தட்டினாலும் அவனுக்கு மேலே போய்ச் சாவதில்தான் விருப்பம்.

சாயங்காலம் வரை செத்தேன். லைவில் பார்க்கிறவர்களிடம் இங்கிலீஷில் மரியாதையாக, "சுவாரஸ்யமான அமைப்பு" என்றேன். நடுநடுவே தமிழில், "வெளங்காத பய, இவன் கையில கட்டி முளைக்க" என்றேன். இந்தக் கூட்டத்தில் யாருக்குத் தமிழ் தெரியப்போகிறது என்கிற தைரியம். அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. கடைசியில் செத்த கணக்கு நான்கு இலக்கத்தைத் தொட்டபோது, நாற்காலியில் சாய்ந்துகொண்டு தீர்ப்பைச் சொன்னேன். முடிக்க இயலாதது.

அதோடு வாயை மூடியிருக்கலாம். செய்தவர் அந்தக் கிணற்றைத் தானே தாண்டும் வீடியோவை கேமோடு அனுப்பியிருந்தார். அதைப் பற்றி ஒருவர் கேட்டதும், "வேகத்தைக் குறைத்து ஆடிப் படம் பிடித்திருப்பார்கள், இதெல்லாம் பழைய பித்தலாட்டம்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் உலகத்தில் ஒரு கேம் செய்தவரை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது.

ராத்திரி ஒரு செய்தி வந்தது, தமிழில்.

"ஏனுங்க, வெளங்காத பயன்னு சொன்னீங்களே, நான் பய இல்லீங்க, பொண்ணுங்க. பேரு சுகன்யா. கீரனூருங்க. நான் பித்தலாட்டம் பண்ணலீங்க. நீங்க திண்டுக்கல்தானுங்களே, நேர்ல வந்து உங்க கம்ப்யூட்டர்லயே ஆடிக் காட்டட்டுங்களா?"

கீரனூர்! பழனிப் பக்கம். பஸ்ஸில் வந்துவிடுகிற தூரம். எனக்கு வேர்த்தது. ஆனால் நடுவர் அல்லவா, பணிய முடியுமா? "தாராளமாக வாருங்கள், லைவிலேயே ஆடுங்கள், உலகமே பார்க்கட்டும்" என்று பதில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுகன்யா அவள் அப்பாவோடு வந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். அவள் அப்பா தென்னை விவசாயி, வெள்ளை வேட்டி, கையில் எங்களுக்கென்று கொண்டுவந்த தேங்காய்ப் பை. திட்டினவன் வீட்டுக்கே தேங்காய் கொண்டுவருகிற மனுஷர்! அவர்தான் விஷயத்தை அம்மாவிடம் சொன்னார்.

"இவ வேலைய விட்டுப்போட்டு ஒரு வருசமா இதையேதானுங்க பண்ணிட்டிருக்கா. இது போட்டில நின்னாத்தான் கேம் பண்ற கம்பெனில இண்டர்வியூக்குக் கூப்புடுவாங்களாமா. நிக்கலீன்னா பேங்க் பரீச்சைக்குப் படின்னு சொல்லிப்போட்டேனுங்க. பழனில கிளாசுக்குச் சேத்தக்கூடக் கேட்டு வச்சிருக்கறேன்."

கதவோரம் நின்று கேட்டேன். அதுவரை எனக்கு அது ஒரு கேம், ஒரு தீர்ப்பு, அவ்வளவுதான். அதன் பின்னால் ஒரு வருஷமும் ஒரு அப்பாவும் இருப்பார்கள் என்று தோன்றவே இல்லை. இருந்தாலும் தீர்ப்பு தீர்ப்புதான் என்று விறைப்பாகப் போய் லைவை ஆரம்பித்தேன்.

சுகன்யா உட்கார்ந்தாள். தோப்பை அநாயாசமாகத் தாண்டினாள். கிணற்றுக்கு வந்தாள். லேசாகத் தட்டினாள்.

ஜிவ்வென்று மேலே போய்ச் செத்தாள்.

திகைத்துப்போய் மறுபடி தட்டினாள். செத்தாள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. லைவில் சிரிப்பு பொம்மைகள் பறந்தன. அப்போது என் முகத்தில் ஒரு புன்னகை இருந்தது. அந்த வீடியோ இன்னும் இணையத்தில் இருக்கிறது, அந்தப் புன்னகையைப் பார்த்தால் எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருக்கும்.

"எங்க வீட்ல நல்லா வந்துச்சுங்களே," என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அவள் அப்பா மெதுவாக எழுந்தார். "தம்பி, இதுல மனுசன் சாகத்தான் செய்யறானுங்களா, பொழைக்கறதே இல்லீங்களா?" என்று என்னிடம் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். பிறகு மகளின் தோளைத் தொட்டார். "சரி உடு கண்ணு. ஒரு வருசந்தான. போலாம் வா."

அந்த நேரம் பார்த்து அம்மா காபித் தட்டோடு உள்ளே வந்தாள். அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும்.

"அழுகாத தாயி. இந்த மிஷினு ராசியானது. ஆயுத பூஜைக்கு நானே என் கையால அம்புட்டுக் கட்டைக்கும் சந்தனம் வச்சேன். இந்தா, இந்த நீளக் கட்டைக்கு மட்டும் வழிச்சு வழிச்சு மூணு வாட்டி வச்சேன். இவன் இதத்தான நாள் பூராப் போட்டுத் தட்டுறான், பாவம், அதுக்குத்தான அலுப்பு சாஸ்தி."

அம்மாவின் விரல் ஸ்பேஸ் பாரைக் காட்டிக்கொண்டிருந்தது.

சுகன்யா அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு இருவரும் கீபோர்டைப் பார்த்தோம். அவள் ஸ்பேஸ் பாரை லேசாகத் தட்டி விரலை எடுத்தாள். விரல் வந்துவிட்டது. கட்டை வரவில்லை. சாவகாசமாக, கல்யாண வீட்டில் சாப்பிட்ட மாமா எழுந்திருப்பதைப் போல, மெல்ல மேலே வந்தது. டைப் அடித்தபோதெல்லாம் அந்தத் தாமதம் கண்ணில் படவே இல்லை. கிணற்றிலோ அதுதான் உயிர்.

காபித் தட்டிலிருந்த ஸ்பூனின் காம்பைக் கொடுத்து நெம்பினேன். ஸ்பேஸ் பார் கழன்று வந்தது. அடியில் மஞ்சளாகக் காய்ந்த சந்தனம், நடுவில் கொஞ்சம் குங்குமம். நான் ஈரத்துணியால் துடைத்தபோது மேலே இருந்ததையெல்லாம் கரைத்து உள்ளே அனுப்பியிருக்கிறேன். அது ஒரு நாள் பூரா என் விரலுக்கடியில் காய்ந்திருக்கிறது. உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. (நான்தானே கூப்பிட்டேன்!) லைவில் ஒருவர், அந்த மஞ்சள் பொருள் என்ன, சீஸா என்று கேட்டார்.

"வச்ச பொட்ட எடுக்கிறியே, வெளங்குவியா நீயி?" என்றாள் அம்மா.

துடைத்து, உலர்த்தி, மாட்டிக் கொடுத்தேன். சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிணற்றில் இறங்கினாள். டிக், டிக், டிக் என்று கல்லுக்குக் கல் தத்தி, ஒரு முள் படாமல் அந்தப் பக்கம் ஏறினாள். அவ்வளவு அழகாக யாரும் தாவி நான் பார்த்ததில்லை. அவள் அப்பா, "அட, பொழைச்சிட்டானுங்க!" என்று கத்திவிட்டார்.

நான் மைக்கின் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். லைவில் என்னை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தார்கள், நடுவர் பதவியைப் பிடுங்கச் சொன்னார்கள். சுகன்யா மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். இப்போது என் முறை, வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்தேன். அவள் இங்கிலீஷில் பேசியது தமிழில் இதுதான்.

"இவர் சொன்னது தப்பில்லை. இந்தக் கட்டையில் என் கேமை யாராலும் முடிக்க முடியாது. நானே முடிக்கவில்லையே. ஆனால் ஒன்று. இதுவரை என் கேமை ஆடினவர்கள் எல்லாம் அரை மணி நேரத்தில் திட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இவர் சாப்பிடாமல் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆடினார். நான் என் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு சாவையும் பார்த்தேன். இத்தனை நேரம் என் கிணற்றில் யாரும் இருந்ததில்லை."

இதைச் சொல்ல அவளுக்கு எந்த அவசியமும் இல்லை. பித்தலாட்டக்காரி என்று ஊர் முன்னால் சொன்னவனை ஒரே தட்டில் முள்ளில் ஏற்றியிருக்கலாம். அவள் என்னைக் காப்பாற்றினாள். அதற்காக நான் இன்றைக்கும் அவளுக்கு நன்றியோடு இருக்கிறேன். சந்தனத்தை வைத்ததற்கும், வைத்ததை உரிய நேரத்தில் பெருமையாகச் சொன்னதற்கும் அம்மாவுக்கும்தான்.

அவள் கேம் மறுபடி போட்டிக்குள் வந்தது, பரிசும் வாங்கியது. அந்தக் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டார்கள், சேர்ந்துவிட்டாள். பழனி கிளாஸ் ஒரு மாணவியை இழந்தது. போட்டியில் ஒரு புது விதி சேர்ந்தது. நடுவர்கள் ஆட உட்காருமுன் கீபோர்டைக் கவிழ்த்துக் கேமரா முன்னால் உதறிக் காட்ட வேண்டும். பிரேசில்காரர் ஒருவர் ஒவ்வொரு தடவையும் உதறிவிட்டு, "சண்டனம் நோ" என்பார். எங்கள் வீட்டிலோ கேட்கவே வேண்டாம். தோசை கல்லில் ஒட்டினால், வண்டி கிளம்பாவிட்டால், பக்கத்து வீட்டுப் பையன் கணக்கில் கோட்டை விட்டால், "சந்தனம் போயிருக்கும் பாரு" என்பார்கள்.

போன தை மாதம் சுகன்யாவுக்குக் கீரனூரில் கல்யாணம். அம்மாவும் நானும் போயிருந்தோம். வாசலில் அவள் அப்பாவே சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "தம்பிக்கு வேண்டாமுங்க, ஒட்டிக்கும்!" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பெரியவரிடம் அறிமுகப்படுத்தினார்.

"மாமா, நாஞ் சொன்னனுங்களே, இவருதானுங்க அது. நம்ம புள்ள வெட்டுன கெணத்துல ஆயிரந்தடவ உளுந்து செத்தவரு."

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு நொடி யோசித்தார். பிறகு சட்டென்று கைகூப்பி, "முன்னால போய் உக்காருங்க சாமி," என்றார்.