தலைகீழ் சாரும் துரை நாற்காலியும்

நெய்வேலி டவுன்ஷிப்பிலேயே நாற்காலியில் உட்காரத் தெரியாத ஒரே மனிதர் தலைகீழ் சார்தான். யார் வீட்டுக்குப் போனாலும், "உக்காருங்க" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் நாற்காலி நாலு காலையும் மேலே நீட்டிக்கொண்டு கிடக்கும். இவர் முட்டி போட்டு டார்ச் அடித்துக்கொண்டிருப்பார். பழைய பிரம்பு நாற்காலி என்றால் முகர்ந்தும் பார்ப்பார். கடைசியில் ஆறிப்போன காபியை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் படுத்துப் பழுது பார்த்தே முப்பது வருடம் ஓட்டியவர். எதையும் அடியிலிருந்து பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பது அவர் கட்சி. "மேல பாலீஷ் போட்டு ஏமாத்திடலாங்க. அடியில யாரு போடறாங்க?" என்பார்.

ஒரு ஆபீசர் தன் வீட்டுப் பிரம்பு நாற்காலியைக் கொள்ளுத் தாத்தா சொத்து என்று பெருமையாகக் காட்டினார். கவிழ்த்துப் பார்த்த தலைகீழ் சார், "இந்தக் கூட்டல் குறி ஸ்க்ரூ கடைக்கு வர்றப்ப உங்க கொள்ளுத் தாத்தா சாமிகிட்ட போய்ச் சேந்திருப்பாருங்க" என்றார். அந்த வீட்டில் அதோடு காபி நின்றது. ஒரு கல்யாண வரவேற்பில், "மாப்ள, ஒரு நிமிஷம் எழுந்திருங்க" என்று சிம்மாசனத்தையே கவிழ்த்து, "பிளைவுட்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனவர்.

போன வருடம் நான் ரிட்டயர் ஆனேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து கடலூரில் இரண்டு அறை வீட்டுக்குப் போக வேண்டும். அப்பாவின் பிரம்பு நாற்காலிக்கு அங்கே இடமில்லை என்று என் மனைவி தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"பிரெஞ்சுத் துரை உக்காந்த நாற்காலி. பாண்டிச்சேரி ஏலத்துல எடுத்தது, நூத்தம்பது வருஷம். அது வராத வூட்டுக்கு நானும் வரல" என்றார் அப்பா. எண்பத்தாறு வயதில் இரண்டு வேளை பட்டினி வேறு. காபி மட்டும் உள்ளே போனது.

மனைவிதான் சமரசம் பேசினாள். "தலைகீழ் சார் வந்து பாக்கட்டும். துரை நாற்காலின்னா வரட்டும். இல்லன்னா மந்தாரக்குப்பம் பழைய சாமான் கடைதான்."

அழைத்து வரும் வழியிலேயே நான் கெஞ்சினேன். "நூறு வருஷம்னாவது சொல்லுங்க சார்."

"நாற்காலி என்னா சொல்லுதோ அதத்தாங்க நான் சொல்லுவேன்."

வந்தார். கவிழ்த்தார். முகர்ந்தார். விரலால் தடவினார். "அறுபது வருஷம். உங்க வயசுதான் சார்."

"அப்ப ரெண்டுமே ரிட்டயர்மென்ட்" என்றாள் மனைவி.

"மரம் மட்டும் வெளிநாடு. சுரங்கத்துக்கு மெஷின் வந்து இறங்கின பெட்டிப் பலகை. கைப்பிடிக்கு அடியில பாதி எழுத்து இன்னும் அழியல பாருங்க."

அப்பா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். மனைவி பழைய சாமான் கடைக்காரருக்குப் போன் போட எழுந்தாள்.

"இருங்கம்மா, இன்னும் முடியல. பிரம்பு கோத்த ஓட்டைங்க எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு. தச்சர் போட்டது இல்ல. பழக்கமில்லாத எடது கைக்காரர் யாரோ, ராவும் பகலும் பொறுமையா ஒண்ணொண்ணா போட்டிருக்காரு."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். காபி டம்ளர் அவருடைய இடது கையில் இருந்தது.

சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மாதான் வாயைத் திறந்தாள். "நீ வயித்துல இருந்தப்ப என்னால தரையில உக்காந்தா எழுந்திருக்க முடியல. சுரங்கத்துல வேணாம்னு போட்ட பலகைய எடுத்தாந்து இவருதான் செஞ்சாரு. அப்ப இன்னும் பர்மனென்ட் ஆவல. பலகை ஏதுன்னு யாராச்சும் கேட்டா வேல போயிடும்னு துரை கதைய சொல்லிகினு இருந்தாரு." பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "ரிட்டயர் ஆயே இருபத்தெட்டு வருஷம் ஆவுது. இன்னும் யாருக்குங்க பயப்படறீங்க?"

"சொல்லிச் சொல்லி எனக்கே துரை நாற்காலின்னு ஆயிப்போச்சு" என்றார் அப்பா.

மனைவி போனைக் கீழே வைத்தாள். "லாரியில முதல்ல இத ஏத்துங்க" என்றாள்.

தலைகீழ் சார் நாற்காலியை நிமிர்த்தித் துண்டால் துடைத்தார். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அப்பாவிடம், "உக்காரலாங்களா?" என்று கேட்டுவிட்டு, மெதுவாக உட்கார்ந்தார். சூடாகக் காபி குடித்தார். எழுந்திருக்க அரைமணி நேரம் ஆயிற்று.

கடலூர் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இப்போது துரையின் பேச்சையே எடுப்பதில்லை. "இது தலைகீழ் சார் உக்காந்த நாற்காலி" என்கிறார்.